24 பேர்ச் பள்ளக் காணியும் ஒரு மீன்பிடிப் பூனையும்: நிரப்புவதா, விடுவதா?

வெள்ளவத்தை ரீச்சர் எழுதியது

கொழும்பை அடுத்த தலங்கமப் பக்கத்தில் எங்களுக்கு 64 பேர்ச் காணி இருக்கிறது (ஒரு பேர்ச் ஏறத்தாழ 272 சதுர அடி). 1994 இல் என் கணவர் வாங்கியது. அப்போது அந்தப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கினால் வயல்தான். "வெள்ளவத்தையில் ஒரு வீட்டை வாங்காமல் தவளை கத்துகிற இடத்தில் காசைப் போட்டிருக்கிறான்" என்று உறவினர்கள் சிரித்தார்கள். அவர் போய் ஐந்து வருடமாகிறது. சிரித்தவர்களில் இருவர் இப்போது அதே காணிக்கு விலை கேட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

வீதியோரம் 40 பேர்ச் மேட்டு நிலம். இரண்டு தென்னை, ஒரு பலா. பின்னால் 24 பேர்ச் சரிந்து பள்ளமாகி, பன் (பாய் இழைக்கும் புல்) வளர்ந்து, ஒரு சிறிய கால்வாயில் போய் முடிகிறது. கால்வாய்க்கு அப்பால் யாரும் விதைக்காத வயல்.

ஒரு கட்டட நிறுவனம் அங்கே ஐந்து மாடித் தொடர்மாடி கட்ட முன்வந்திருக்கிறது. காணி என்னுடையது, செலவு அவர்களுடையது, முடிந்ததும் எனக்கு இரண்டு வீடுகள். ஒன்றில் நான் இருக்கலாம், மற்றதன் வாடகையில் சாப்பிடலாம். பள்ளத்தை நிரப்பி வாகனத் தரிப்பிடம் ஆக்குவார்களாம். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு கணித ஆசிரியைக்கு இது சின்ன விடயம் இல்லை. ஆகவே "காசு பெரிதா, இயற்கை பெரிதா" என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். முப்பது வருடம் நானே எடுத்து அலுத்துவிட்டேன்.

போன மாதம் நில அளவையாளரைச் சந்திக்கப் போனேன். ராஜகிரிய நெரிசலுக்குப் பயந்து ஐந்து மணிக்கே முச்சக்கர வண்டி பிடித்ததால் ஐந்தரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். இருட்டு இன்னும் முழுதாக விலகவில்லை. பக்கத்து வளவில் கட்டட வேலை நடக்கிறது. அதன் காவலாளி திடீரென்று "கொட்டியா! கொட்டியா!" என்று கத்தினார். சிங்களத்தில் புலி. தொண்ணூறுகளை வெள்ளவத்தையில் கழித்த எனக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததும் கை தானாகவே அடையாள அட்டையைத் தேடிப் பைக்குள் போனது. நல்லவேளை, அவர் விரல் என்னைக் காட்டவில்லை.

கால்வாய்க் கரையில் ஒன்று குந்தியிருந்தது. வீட்டுப் பூனையின் இரண்டு மடங்கு இருக்கும். சாம்பல் உடம்பில் வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகள். வால் மட்டும் குட்டை, துணி போதாமல் தையற்காரர் பாதியில் நிறுத்தியதுபோல. பூனை தண்ணீரைக் கண்டால் ஓடும் என்று நம்பி வளர்ந்தவள் நான். இது முன்காலால் தண்ணீரை இரண்டு தரம் தட்டியது, பிறகு தலையோடு உள்ளே போனது, வாயில் எதையோ கவ்விக்கொண்டு என்னுடைய பன்னுக்குள் மறைந்தது.

"ஹந்துன் திவியா" என்றார் பிறகு வந்த நில அளவையாளர். மீன்பிடிப் பூனை. வீட்டுக்கு வந்து படித்தேன். உலக அளவில் பாதிப்புக்குள்ளாகக்கூடிய இனம். நம் நாட்டின் 2012 ஆம் ஆண்டுச் செம்பட்டியலில் அருகிவரும் இனம். கொழும்பின் சதுப்புகளில் இது நடமாடுவதை ஆய்வாளர்கள் கமெரா வைத்துப் பதிவு செய்திருக்கிறார்களாம். நகரத்துக்கு நடுவில் ஒரு வீட்டுத் தடாகத்தில் அலங்கார மீன்களைத் தின்ற கதையும் உண்டு.

இனி என் கேள்வி. அந்த 24 பேர்ச்சை நிரப்பச் சட்டம் இடம் கொடுக்கிறதா? இடம் கொடுத்தாலும், நான் நிரப்பாமல் விட்டால் அந்தப் பூனைக்கு உண்மையில் ஏதாவது பயன் உண்டா, அல்லது நான் ஒருத்தி நல்லவள் என்று படுத்துத் தூங்குவதற்குத்தான் உதவுமா? கலிபோர்னியாவில் இருக்கும் மகள் சொல்கிறாள், அங்கே காணிக்காரருக்கும் விலங்குக்கும் இடையில் "வாழிடப் பாதுகாப்புத் திட்டம்" என்று எழுத்தில் உடன்படிக்கையே செய்வார்களாம். இங்கே அப்படி ஏதாவது உண்டா? ஒரு அலுவலகத்தில் கேட்டேன். இன்னொரு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால் முதல் அலுவலகத்தின் விலாசத்தைத் தந்தார்கள்.

படவரைஞர் (தெஹிவளை) எழுதியது

ரீச்சர், காணி வரைபடங்களோடு 31 வருடம் குடித்தனம் நடத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கு அலுவலகங்களை விட உங்கள் அலுமாரியில் இருக்கும் காணி உறுதிப் பத்திரம் நல்ல பதில் சொல்லும். காணியின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். "வத்த" என்றால் தோட்டம். "கும்புர" என்றால் வயல். "ஓவிட்ட" என்றால் வயலை ஒட்டிய தாழ்ந்த தரை. ஒரே உறுதியில் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தால் எந்தப் பெயர் எந்தத் துண்டுக்கு என்று பழைய நில அளவைப் படத்தில் தேட வேண்டும்.

பள்ளம் கும்புர என்று வந்தால் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வந்து நிற்கும். ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வயலை நிரப்ப முடியாது. தரிசாகக் கிடக்கிறது என்பதால் மட்டும் வயல், வயல் இல்லாமல் போய்விடாது. கும்புர இல்லை என்றாலும், தாழ்நிலமாக அறிவிக்கப்பட்ட பகுதியில் இருந்தால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி வேண்டும். அது 2006 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. இன்னொன்று: தலங்கமக் குளத்தைச் சூழ்ந்த பகுதி 2007 இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் வந்திருக்கிறது. அதன் எல்லைக்குள் உங்கள் துண்டு விழுகிறதா என்பதை அந்த எல்லை வரைபடத்தில் பாருங்கள். தரகரிடம் கேட்காதீர்கள். தரகரின் வரைபடத்தில் சதுப்பு என்ற நிறமே கிடையாது.

பூனைக்கு வருவோம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அதைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். ஆனால் உங்கள் தனியார் காணியில் அது மீன் பிடிக்கும் கரையை நீங்கள் மண்ணிட்டு மூடினால், பூனையைக் கொன்றதாக யாரும் வழக்குப் போடப் போவதில்லை. பூனைக்குப் பாதுகாப்பு உண்டு, அதன் சமையலறைக்கு இல்லை.

"சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்ய மாட்டார்களா?" என்று கேட்பீர்கள். 1988 இல் தேசிய சுற்றாடல் சட்டத்தைத் திருத்தி, 1993 இல் எந்தெந்த வேலைகளுக்கு அது கட்டாயம் என்று பட்டியல் போட்டார்கள். ஈரநிலத்தை நிரப்புவதானால் 4 ஹெக்டேயருக்கு மேல் இருக்க வேண்டும். வீடுகளானால் 100 க்கு மேல். அந்தக் கட்டத்துக்குப் போனால் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வரும், கருத்துச் சொல்ல 30 நாட்கள் கிடைக்கும். 4 ஹெக்டேயர் என்பது ஏறத்தாழ 1,580 பேர்ச். நீங்கள் கணித ரீச்சர், உங்களுக்கே தெரியும்: உங்களுடையதைப் போன்ற 24 பேர்ச் பள்ளங்களை 65 பேர் அடுத்தடுத்து நிரப்பினாலும் 1,560 தான் வரும். ஒரு சதுப்பே காணாமல் போய்விடும், ஒரு மதிப்பீடும் நடந்திருக்காது. ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சட்டப்படி நடந்திருப்பார்கள்.

2018 இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் மாநாட்டில் உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அங்கீகாரம் பெற்றது. பட்டம் நகரத்துக்கு, பள்ளங்கள் மட்டும் தனித்தனி உறுதிகளில்.

பலாமரத்தடி (பத்தரமுல்ல) எழுதியது

பூனை இரவில் வந்து சத்தமில்லாமல் போய்விடும், ரீச்சர். எங்கள் வீட்டுக்கு வருபவை பகலில், குடும்பத்தோடு, கூரை மேல். ஊதாமுக மந்தியின் மேற்கு மாகாண உபவகை. உலகின் மிக ஆபத்தில் உள்ள 25 குரங்கினங்களின் பட்டியலில் பலமுறை இடம்பிடித்தது. அந்தப் பெருமை என் ஓடுகளுக்குத் தெரியாது. போன வருடம் மட்டும் மூன்று தரம் ஓடு மாற்றினேன். ஒவ்வொரு தரமும் ஓட்டுக்காரர் சிரித்துக்கொண்டே ஏறுவார், நான் அழாத குறையாகக் காசு கொடுப்பேன்.

இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. அவை பெரும்பாலும் இலை தின்னும், கொப்புக்குக் கொப்பு போகும், முடிந்தவரை நிலத்தில் கால் வைக்காது. பாதுகாக்கப்பட்ட காடு என்று அவற்றுக்கு இந்தப் பக்கம் பெரிதாக எதுவும் இல்லை. எங்கள் வளவுகளின் பலாவும் மாவும் ரம்புட்டானும்தான் காடு. யாரோ ஒருவர் நடுவில் மரத்தை வெட்டி மாடி கட்டினால் அந்த இடைவெளியை மின்கம்பியில் கடக்கப் பார்க்கும். எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய் அப்படித்தான் கருகி விழுந்தது. குட்டி இரண்டு நாள் அதே கம்பத்தடியில் இருந்தது. அதற்குப் பிறகு ஓட்டைப் பற்றி நான் வீட்டில் சத்தம் போடுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. இந்தப் பக்கத்துப் பலாமரங்கள் இவ்வளவாவது மிஞ்சியிருப்பதற்கு 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் ஒரு காரணம். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்பது அந்தச் சட்டம். மனிதருக்குச் சோறு இல்லாத காலத்தில் மரம் சோறு போடும் என்று நினைத்து எழுதியது. பனை இருப்பதைப் பார்த்து நம் ஊர்க்காரர் சந்தோசப்படலாம். எழுதியவர்கள் மந்தியை நினைத்திருக்கவே மாட்டார்கள், ஆனால் இன்று அதன் பயனை அனுபவிப்பது மந்திதான். உங்கள் வளவில் பலா நிற்கிறது என்று எழுதினீர்கள். தொடர்மாடிக்காரர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையா? கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் அனுமதி எடுக்காமல் கை வைக்க முடியாது என்று அவருக்கு நினைவூட்டுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். ஓடு உடைந்தால் அதன் செலவை யார் தருவார்? விலங்கு எல்லோருடையதும் என்கிறார்கள், சரி. ஓட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் ஏன் என்னுடையது?

சான் ஹோசே வாசி எழுதியது

ரீச்சர், உங்கள் மகள் சொன்னது உண்மை. நான் வெள்ளவத்தையில் பிறந்து இப்போது அந்தத் திட்டங்களில் ஒன்றின் எல்லைக்குள் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருப்பவன்.

அமெரிக்காவின் 1973 ஆம் ஆண்டு அருகிவரும் இனங்கள் சட்டம் மிகவும் கடுமையானது. விலங்கைக் கொல்லாவிட்டாலும், அது வாழும் இடத்தை அது சாகும் அளவுக்குக் குலைப்பதும் தீங்குதான் என்ற விளக்கத்தை 1995 இல் உச்ச நீதிமன்றமே ஏற்றது. படவரைஞர் சொன்ன "சமையலறை" அங்கே சட்டத்துக்குள் இருந்தது. விளைவு, தன் காணியில் பட்டியலில் உள்ள ஒரு பூச்சி இருந்தால் காணிக்காரர் கட்டவும் முடியாது, வெளியே சொல்லவும் பயம். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சான் புருனோ மலையில் ஒரு நீல வண்ணத்துப்பூச்சிக்காகக் கட்டுபவர்களும் காப்பவர்களும் பல வருடம் இழுபட்டு, கடைசியில் ஒன்றாக உட்கார்ந்து மலை முழுவதற்கும் ஒரே திட்டம் போட்டார்கள். சில பகுதிகளில் வீடு, மிகுதியில் பூச்சி, பராமரிப்புக்கு அந்த வீட்டுக்காரர்கள் வருடாவருடம் ஒரு தொகை. அதை மாதிரியாக வைத்தே 1982 இல் சட்டத்தைத் திருத்தினார்கள்; 1983 இல் சான் புருனோவுக்கு முதல் அனுமதி கிடைத்தது.

நான் இருக்கும் சாந்தா கிளாரா பள்ளத்தாக்கில் 2013 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. 50 வருட அனுமதி, 18 இனங்கள். யாராவது புதிதாகக் கட்டினால் அந்த நிலத்தின் தரத்தைப் பொறுத்துக் கட்டணம். அந்தப் பணத்தில் வேறிடத்தில் பெரிய துண்டுகளாக நிலம் வாங்கிக் காப்பாற்றுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது வாகனக் கட்டணம். ஒரு புதுக் கட்டடத்தால் தினமும் எத்தனை கார்ப் பயணங்கள் கூடும் என்று கணக்கிட்டு அதற்கும் காசு எடுப்பார்கள். காரணம், கார்ப் புகையிலுள்ள நைதரசன் மலைச் சரிவில் விழுந்து உரமாகிறது. சத்தில்லாத அந்த மண்ணில் மட்டும் முளைக்கும் சிறு செடிகளை, உரம் கிடைத்த வெளிநாட்டுப் புல் மூடிவிடுகிறது. அந்தச் செடியைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சி பட்டினி. புல்லைக் குறைக்க இப்போது மாடு மேய விடுகிறார்கள். இயற்கையைக் காப்பதாக நினைத்து மாட்டை வெளியேற்றிய இடங்களில்தான் வண்ணத்துப்பூச்சி சரிந்தது. இதை என் அம்மாவிடம் சொன்னபோது, "மாடு இல்லாத வளவு எங்கே உருப்பட்டது" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்.

ஆனால் எல்லாவற்றையும் பாலும் தேனும் என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை அனுமதி கொடுத்த பிறகு, நிலைமை எதிர்பாராத விதமாக மோசமானாலும் காணிக்காரரிடம் மேலதிகமாக நிலமோ பணமோ கேட்க மாட்டோம் என்று 1998 முதல் அரசாங்கம் விதியாகவே உறுதி கொடுக்கிறது. 50 வருடத்துக்குள் என்ன நடக்கும் என்று பூச்சியிடம் யாரும் கேட்கவில்லை. சான் புருனோவில் பணம் போதாமல் புதர் ஏறிப் புல்வெளியைத் தின்றுகொண்டு போகிறது. இருந்தாலும் உங்கள் ஊருக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே காணி எல்லையில் கோடு போடவில்லை, மலையைச் சுற்றிப் போட்டார்கள்.

கியூப் கணக்கு (நுகேகொட) எழுதியது

நான் கட்டுகிறவன். ஆகவே என்னைத் திட்டுவதற்கு இதுதான் நேரம்.

24 பேர்ச் என்பது 6,534 சதுர அடி. ஐந்து அடி உயர்த்தினால் 32,670 கன அடி, அதாவது 327 கியூப் மண் (ஒரு கியூப் 100 கன அடி). மூன்று கியூப் ரிப்பர் லொறியில் 109 தடவை, இறுக்கும்போது அமிழ்வதற்கு இன்னும் கொஞ்சம். அந்தப் பக்கத்துச் சதுப்பில் அடியில் முற்றா நிலக்கரி மண் இருக்கும், பஞ்சுபோல அமுங்கும். நிரப்பி அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் தரிப்பிடத்தின் நடுவில் கிண்ணம் விழுந்திருக்கும். தண்ணீர் பழைய இடத்தை மறப்பதில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதைக் கட்டுகிறவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த 327 கியூப் இடத்தில் மழைக்காலத்தில் நின்றது தண்ணீர். ஒன்பதேகால் இலட்சம் லீற்றர். மண் போட்டால் அது எங்கே போகும்? பின்னால் இருப்பவன் வீட்டுக்கு. 2010 நவம்பரில் தியவன்னா ஓயாவின் தண்ணீர் பாராளுமன்றத்துக்குள்ளேயே போய் நின்றதை எல்லோரும் பார்த்தோம். அந்தப் பாராளுமன்றமும் சதுப்பைத் தோண்டி உண்டாக்கிய ஏரியின் நடுவில்தான் நிற்கிறது. பூனைக்காக வேண்டாம் என்றால் உங்கள் கீழ்மாடியில் வாங்கப் போகிறவருக்காக யோசியுங்கள்.

செய்யக்கூடியது: மேட்டு 40 பேர்ச்சில் மட்டும் கட்டச் சொல்லுங்கள். தரைமாடியைத் தூண்களில் உயர்த்தி அதன் கீழ் வாகனம் விடலாம். ஒரு மாடி குறையலாம், அல்லது உங்கள் இரண்டாவது வீடு இரண்டு அறையாகச் சுருங்கலாம். நிறுவனம் முதலில் முடியாது என்று சொல்லும். நாங்கள் எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வோம்.

ஆனால் ரீச்சர், கோபிக்க வேண்டாம். நீங்கள் விட்டு என்ன? பக்கத்தில் இருப்பவர் நிரப்புவார். நான் இருபது வருடமாகப் பார்த்தது அதுதான். ஒருவருடைய 24 பேர்ச் பன்னுக்குள் பூனை மூன்று நாளுக்கு மேல் குடியிருக்காது.

வெள்ளவத்தை ரீச்சர் எழுதியது (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

எல்லோருக்கும் நன்றி. கியூப் கணக்குத் தம்பியின் கடைசிப் பந்தி என்னை நன்றாகச் சுட்டது. பத்தாம் வகுப்பில் "ரீச்சர், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்கும் பிள்ளைகள் மேல் எனக்கு வரும் அதே கோபம். கேள்வி நியாயமானது என்பதால் வருகிற கோபம்.

உறுதியைப் பார்த்தேன். மேடு "வத்த", பள்ளம் "ஓவிட்ட". 2007 எல்லைக்கு வெளியேதான் விழுகிறது, அதிக தூரம் இல்லை. தாழ்நில அனுமதி வேண்டியிருக்கும் என்று நில அளவையாளர் சொன்னார். நிறுவனத்துக்காரர் "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம், மிஸ்" என்றார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். வீட்டுப்பாடத்தை நாய் தின்றுவிட்டது என்று சொல்லும்போது வருவது.

பிறகு ஒரு வேலை செய்தேன். வரைபுத்தாள் ஒன்றை எடுத்து, எங்கள் கால்வாயின் இந்தக் கரையில் அடுத்த மதகு வரைக்கும் இருக்கும் காணிகளை வரைந்தேன். ஒன்பது துண்டுகள். குடையும் தண்ணீர்ப் போத்தலுமாக ஒவ்வொரு படலையாகப் போய்த் தட்டினேன். என் சிங்களம் சந்தைச் சிங்களம். பூனை என்று சொல்ல வரும், வாழிடத் தொடர்ச்சி என்று சொல்ல வராது. அதுவும் நல்லதாகப் போயிற்று. பூனை என்றால் கதவு திறக்கிறது.

நான்கு துண்டுகள் ஏற்கெனவே நிரப்பியாகிவிட்டன, அவற்றில் பேச எதுவும் இல்லை. மிஞ்சிய ஐந்தில் ஒன்று என்னுடையது. ஒன்றின் சொந்தக்காரர் மெல்பேர்னில். காவலுக்கு இருப்பவர் இலக்கம் தந்தார், செய்தி அனுப்பியிருக்கிறேன், நீல அடையாளம் விழுந்தது, பதில் விழவில்லை. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். மற்ற இரண்டில் ஒன்று ஓய்வுபெற்ற தாதி ஒருவருடையது. அவரும் அந்தப் பூனையைப் பல வருடமாகப் பார்க்கிறாராம், புலிக்குட்டி என்று ஊர் அடித்துவிடும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லையாம். தன் பள்ளத்தை நிரப்பும் எண்ணம் இல்லை, நிரப்பக் காசும் இல்லை என்றார். அடுத்தவர் இளம் தகப்பன். அவருக்குப் பூனை பற்றிக் கவலை இல்லை. ஒன்பதேகால் இலட்சம் லீற்றர் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். அவர் வீடு எங்கள் காணிக்கு நேர் கீழே. அன்று மாலையே தொலைபேசி எடுத்தார்.

ஆக மூன்று துண்டுகள் கைவசம். அடுத்தடுத்து இருப்பவை இரண்டு. மூன்றாவதற்கு இடையில் நாய் வீடு. பக்கத்துச் சதுப்புகளில் பெத்தகானவும் தியசருவும் ஈரநிலப் பூங்காக்களாக இருக்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் பூங்காவிலிருந்து பூங்காவுக்குப் பூனை பஸ்ஸிலா போகும்? நடுவில் கிடக்கும் துண்டுகளில் எத்தனை என்னைப் போன்றவர்களின் அலுமாரிகளில் இருக்கின்றன என்று யாரிடமாவது வரைபுத்தாள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை. என்னுடையது ஒரு மதகு தூரத்துக்கு மட்டும்தான்.

நிறுவனத்தோடு பேசிவிட்டேன். முதலில் முடியாது என்றார்கள் (தம்பி சொன்னபடியே). இரண்டாம் தரம், தூண்களில் உயர்த்தலாம், ஆனால் நான்கு மாடிதான், என் இரண்டாவது வீடு 950 சதுர அடியிலிருந்து 620 ஆகும் என்றார்கள். 680 வரைக்கும் இழுத்திருக்கிறேன். பலா நிற்கும். பள்ளத்தில் மண் போடக்கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லி என் சட்டத்தரணியிடம் கொடுத்திருக்கிறேன். பலாமரத்தடித் தங்கச்சி கேட்ட கேள்வி எனக்கும் உண்டு: அந்த 270 சதுர அடியின் வாடகையை எனக்கு யார் தருவார்? யாரும் தரப்போவதில்லை. மகள் "அம்மா, சான் ஹோசே என்றால் உங்களுக்குக் காசு தந்திருப்பார்கள்" என்றாள். சான் ஹோசேயில் எனக்குக் காணி இல்லை.

இப்போது ஒரு சில்லறைச் சந்தேகம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நிறுவனம் ஆறடி மதில் கட்டப்போகிறது. அதன் அடியில் பூனை போகத் துவாரம் விடச் சொல்லப் போகிறேன். எவ்வளவு அகலம் வேண்டும்? நாய் நுழையக்கூடாது, பூனை நுழைய வேண்டும்.

கியூப் கணக்கு (நுகேகொட) எழுதியது

ரீச்சர், அது ஆறடி மதிலில் ஏறி நடந்து போகும். இராஜகிரியவில் எங்கள் வேலைத்தளத்தில் ஒன்று கூரைத் தகரத்தில் நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஏற முடியாதது ஆமை. துவாரம் விடுவதானால் ஆமைக்கு விடுங்கள்: எட்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம், தரையோடு தரையாக, பத்தடிக்கு ஒன்று. மழைநீர் வடிகாலாகவும் உதவும் என்று சொல்லுங்கள், பொறியியலாளர் மறுக்க மாட்டார்.

பூனைக்கு வேண்டியது பன். தோட்டக்காரர் வந்து "சுத்தம் செய்துவிட்டேன்" என்று ஒரு நாளில் வெட்டி எரித்துவிடுவார். அதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

நாய் வீட்டுக்காரரின் பெயர் முதலெழுத்து மட்டும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மதகுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கு நான்தான் கூரை போட்டேன். அவராக இருந்தால் எனக்கு இன்னும் காசு பாக்கி, பேச ஒரு சாட்டு.